ஃபைலை என் கையில் கொடுங்கள்

தமிழ்நாட்டில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் வந்தால், அதைப் பற்றிக் கடைசியாகத் தெரிந்துகொள்ளும் ஆள் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். முதலில் லேப்காரருக்குத் தெரியும். பிறகு டாக்டருக்கு. பிறகு மூத்த மகனுக்கு, வெளியூர் மருமகனுக்கு, சித்தப்பாவுக்கு, சித்தப்பாவின் வாட்ஸப் குழுவுக்கு. நோயாளிக்குச் சொல்லப்படுவது ஒரே வரி: "கிட்னில லேசா உப்பு இருக்காம். மாத்திரை போட்டா சரியாயிடும்." அவர் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பார்: "சாப்பாட்டுல எதைத் தள்ளணும்?" அதற்கான பதிலையும் டாக்டர் மகனைப் பார்த்தே சொல்வார்.

இந்த ஏற்பாட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அக்கறை. இது அக்கறை இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்லாமல் விடுவதால் நோயாளி நிம்மதியாக இருக்கிறார் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் கதை. உண்மையில் அவருடைய சிறுநீரகத்துக்கு நல்லது செய்யக்கூடிய ஒரே ஆளை நாம் அறைக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறோம்.

எனக்கு 36 வயது. ஒன்பது வருடமாக ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயுடன் வாழ்கிறேன். உடலின் நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்று சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படிந்து, மெல்ல மெல்ல அவற்றைக் கெடுக்கும் நோய் இது. 1968-ல் பாரிஸில் இதை முதலில் விவரித்தார்கள். சர்க்கரை இல்லாத, பிரஷர் இல்லாத, இருபது முப்பது வயது ஆட்களுக்கும் வரும். "இந்த வயசுல எப்படி?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன்.

ஒரு சின்னக் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். (கூட்டம் நெரியும் இடங்களில் மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது.) வருடத்துக்கு 40 நிமிடம். ஒரு வருடத்தில் மொத்தம் 5,25,600 நிமிடங்கள். மீதி 5,25,560 நிமிடங்களில் என்ன தின்றேன், எந்த மாத்திரையை மறந்தேன், முதுகுவலிக்கு மெடிக்கலில் எதை வாங்கிப் போட்டேன், பேதி வந்த நாளில் என்ன செய்தேன் என்பதெல்லாம் டாக்டரின் கையில் இல்லை. நாள்பட்ட நோய் என்றால் அர்த்தமே அதுதான். அதை நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆளுக்கு நாம் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

ஃபெயில்

முதல் தகராறு சொல்லிலேயே தொடங்குகிறது. "கிட்னி ஃபெயிலியர்." தமிழில் இன்னும் மோசம்: "சிறுநீரகச் செயலிழப்பு." இரண்டுமே பள்ளிக்கூடத்து வார்த்தைகள் மாதிரி வேலை செய்கின்றன. பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று போய்விட்டது. நடுவில் ஒன்றும் இல்லை.

நோயின் உண்மையான வடிவம் முழுக்க அந்த நடுவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தவிர மற்றதையெல்லாம் உடலுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. நெஃப்ரான்கள் கெடும்போது மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அதனால்தான் பாதி வேலை போன பிறகும் உடலில் ஒன்றும் தெரியாது. இடுப்பு வலிக்காது. சிறுநீர் வழக்கம்போலப் போகும். "எனக்கு ஒண்ணுமே செய்யலையே" என்று நோயாளி சொல்வது பொய்யில்லை. இந்த நோய் அப்படித்தான்.

2002-லிருந்து உலகம் முழுக்க மருத்துவர்கள் இந்த நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்துப் பேசுகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சிறுநீரகம் சுத்தம் செய்கிறது என்பதன் மதிப்பீடுதான் இ.ஜி.எஃப்.ஆர். அது 90-க்கு மேல் இருந்து, வேறு பாதிப்பு அடையாளம் தெரிந்தால் முதல் நிலை. 60 முதல் 89 வரை இரண்டு. 30 முதல் 59 வரை மூன்று. அதையும் 45-ல் கோடு போட்டு 'ஏ', 'பி' என்று பிரிப்பார்கள். 15 முதல் 29 வரை நான்கு. 15-க்குக் கீழே போனால் ஐந்து. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முத்திரை குத்தவும் முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய்.

உலகில் பெரியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் இந்த ஐந்து படிகளில் எங்கோ நிற்கிறார். அவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதே இல்லை. மூன்றாம் படியில் நிற்கும் ஒருவருக்குச் சிறுநீரகத்தைவிட இதயத்தால் ஆபத்து வரும் வாய்ப்பே அதிகம். இதை அவரிடம் யாராவது சொல்கிறோமா? "ஃபெயிலியர்" என்ற ஒரே சொல்லில் அவரைக் கடைசிப் படிக்குத் தள்ளிவிடுகிறோம். அந்தப் பக்கம் சாவு பயம், இந்தப் பக்கம் "லேசா உப்பு." நடுவிலிருக்கும் பத்து இருபது வருட வாழ்க்கைக்கு நம்மிடம் சொல்லே இல்லை. நம் சினிமாவில் கிட்னி என்பது திருடப்படும் பொருள், இல்லாவிட்டால் தங்கை கல்யாணத்துக்கு விற்கப்படும் பொருள். சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் விழுந்த ஊர் நம்முடையது. விற்கப்படும் கிட்னி நம் கதைகளுக்குத் தெரியும். மெதுவாகத் தேயும் கிட்னியோடு காலையில் எழுந்து ஆபீஸ் போகிறவனைத் தெரியாது.

1.2

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். லேப் தாளில் 'கிரியேட்டினின் 1.2' என்று இருக்கிறது. பக்கத்திலேயே இயல்பான அளவு என்று ஒரு வரம்பு. 1.2 அதற்குள் வந்துவிடும். தடித்த எழுத்தில் போடமாட்டார்கள், நட்சத்திரக் குறி இருக்காது. "எல்லாம் நார்மல்" என்று மடித்து வைத்துவிடுவோம்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமுள்ளவருக்கு அதிகம், மெலிந்தவருக்குக் குறைவு. ஆகவே ஒரே எண் இரண்டு உடம்பில் இரண்டு கதை சொல்லும். இப்போது பயன்படுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 25 வயது ஆணுக்கு 1.2 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். ஏறக்குறைய 86. கவலைப்பட ஒன்றுமில்லை. 60 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் ஏறக்குறைய 52. அது மூன்று மாதம் நீடித்தால் மூன்றாம் நிலை. உங்கள் தம்பிக்கும் அம்மாவுக்கும் ஒரே எண். தம்பி ஜிம்முக்குப் போகலாம், அம்மா நெஃப்ராலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். அந்தத் தாளில் இரண்டு பேருமே 'நார்மல்'.

தலைகீழாகவும் நடக்கும். ஜிம்மில் கிரியேட்டின் பவுடர் கலக்கிக் குடிக்கிறவருக்கு, முந்தின ராத்திரி மூக்குமுட்டக் கறி தின்றவருக்கு எண் ஏறிக் காட்டும். சிறுநீரகம் சும்மா நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு பரிசோதனை இருக்கிறது. சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். காலைச் சிறுநீர் ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தால் போதும். 30-க்குக் கீழே நல்லது. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300-க்கு மேல் போனால் சிறுநீரகம் வேகமாகத் தேய வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் இ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருக்கும்போதே இது காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடே இல்லை. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உங்கள் அப்பாவின் ஃபைலை எடுத்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று ஐம்பது தாள் இருக்கும். இந்த ஒரு தாள் இருக்கிறதா?

இதைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவுப் பசிக்காக இல்லை. சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகளில் முதல் வரிசை, ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகையறா. இவற்றைத் தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். வடிகட்டியின் உள்ளே அழுத்தம் குறைவதால் வரும் ஏற்றம் அது. முதல் வாரங்களில் 30 சதவீதம் வரை ஏறினால் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை என்றுதான் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. விஷயம் தெரியாத நோயாளி என்ன செய்வார்? 1.8 இருந்தது 2.1 ஆகிவிட்டதைப் பார்ப்பார். "இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது" என்று தூக்கி எறிவார். தன்னைக் காப்பாற்ற வந்ததையே எறிந்துவிட்டார். அவரை முட்டாள் என்று திட்டுவதில் பிரயோசனம் இல்லை. எண்ணைக் காட்டினோம்; எண்ணைப் படிக்கச் சொல்லித்தரவில்லை.

கடந்த சில வருடங்களில் புதிதாக வந்த மருந்துக்கும் இதே கதி. சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் தேய்மானத்தைக் குறைக்கிறது என்று 2020-ல் 4,304 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அதே வருடம் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலை மளமளவென்று இறங்கியது. "இந்த மருந்து எனக்கு ஒத்துவருமா?" என்று கேட்கத் தெரிந்த நோயாளிகள் எத்தனை பேர்? அது எல்லாருக்கும் ஒத்துவராது என்பது வேறு விஷயம். கேட்கவாவது தெரிய வேண்டாமா?

"பயந்துடுவாங்க"

சொல்லாமல் இருப்பதற்கு நம்மிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். "சொன்னா பயந்துடுவாங்க."

நோய் தெரிந்த புதிதில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் என் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கூகுள் பண்ணீங்களா? அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நான் பாத்துக்கறேன்." கனிவாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த தடவை நான் போனபோது அவர் அங்கே இல்லை. வேறு ஊருக்கு மாறிவிட்டார். புது டாக்டர் முதல் கேள்வியாகக் கேட்டது: "பழைய வேல்யூஸ் என்னென்ன?" நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் போய்விட்டார், உடம்பு என்னோடுதான் வந்திருந்தது.

பயம் பற்றிச் சொல்கிறேன். லேப் காத்திருப்பு வரிசையில் ஓர் அக்கா பழக்கமானார். அவருக்கு நான்கு வருடமாக "லேசா உப்பு." ஒரு ராத்திரி மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். விடியும்போது கழுத்து நரம்பில் குழாய், பக்கத்தில் மெஷின். தனக்குக் கிட்னி போய்விட்டது என்பதை அவர் தெரிந்துகொண்டது அந்தக் காலையில்தான். அந்த பயத்தை யாராவது கணக்கில் எடுத்தார்களா? நான்கு வருடம் தவணை முறையில் பயந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியவை என்னென்ன தெரியுமா?

டயாலிசிஸுக்குக் கழுத்துக் குழாயைவிட நல்ல வழி, கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கும் ஃபிஸ்டுலா. 1966-லிருந்து இருக்கும் முறை. தொற்று குறைவு, வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் அது பக்குவமாக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். முன்கூட்டிச் செய்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் அந்தக் கையின் நரம்புகளைக் காப்பாற்றியிருக்க வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால், "இடது கையில ஊசி போடாதீங்க, புறங்கையில குத்துங்க" என்று ஒவ்வொரு தடவையும் நர்ஸிடம் சொல்லும் வேலை நோயாளியுடையது. காரணம் தெரியாத நோயாளி எப்படிச் சொல்வார்?

வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் முறையும் இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்கும் முன்பே மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ளவும் முடியும். வயதும் உடல்நிலையும் பார்த்து, டயாலிசிஸே வேண்டாம், வலியில்லாமல் இருப்பதைக் கவனியுங்கள் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஒருவருக்கு உண்டு. இவை எல்லாமே நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய முடிவுகள். அவசரப் பிரிவில் விடிகாலை மூன்று மணிக்கு எடுக்கும் முடிவுகள் இல்லை.

பேசுகிறவரிடம் போகிறோம்

"கிரியேட்டினின் 8-லிருந்து 1-க்கு, 40 நாளில்." இந்த விளம்பரத்தைப் பார்க்காத ஆள் நம்மில் கிடையாது. படித்தவர்களும் போய் விழுகிறார்கள். மூடநம்பிக்கை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிப் போனவர்கள் பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்: ஏன் போனீங்க? பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். "அவரு ஒரு மணி நேரம் உக்காந்து பேசினாரு தம்பி."

அந்த ஒரு மணி நேரத்தை மருத்துவமனை கொடுக்காததால்தான் இவர்களின் கடை ஓடுகிறது. விளக்கம் கேட்டுத் தவித்த ஆளுக்கு அங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. அது தப்பான விளக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டிய அடிப்படை அறிவை நாம் ஏற்கெனவே மறுத்துவிட்டோம்.

விளைவு சாதாரணமில்லை. நெல்-1 என்ற வகைச் சிறுநீரக நோய்க்கும் பாதரசம் போன்ற உலோகங்கள் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் உள்ள தொடர்பை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்டார்கள். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குப் புரத ஒழுக்கு குறைந்தது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இதே நோய் சில இளம் வயதினரிடம் தெரியவந்தபோது, அவர்கள் பூசிய சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சித்த மருத்துவத்தையே நான் குறை சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எந்தப் பொட்டலத்தையும், எந்த டப்பாவையும் சொல்கிறேன். இங்கிலீஷ் மருந்தும் யோக்கியம் இல்லை. சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

"தண்ணி நிறையக் குடி, கிட்னி கழுவிடும்." இது இன்னொன்று. கல் உள்ளவருக்குப் பொருந்துகிற அறிவுரை, எல்லாக் கிட்னிக்காரருக்கும் வினியோகிக்கப்படுகிறது. மூன்றாம் நிலை நோயாளிகள் 631 பேரை வைத்துக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. கூடுதலாகத் தண்ணீர் குடிக்கவைத்ததால் தேய்மானம் குறையவில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், வெயிலில் வேலை செய்தால் அதிகம் குடியுங்கள். கடைசி நிலையில் கால் வீங்கி, நீர் கோத்து நிற்பவரிடம் போய் "நாலு லிட்டர் குடிங்க" என்று சொல்லாதீர்கள். அவரை அது கொன்றுவிடும்.

சாப்பாட்டுத் தாள்

பல மருத்துவமனைகளில் ஒரு ஜெராக்ஸ் தாள் தருவார்கள். இடது பக்கம் 'சாப்பிடலாம்', வலது பக்கம் 'கூடாது'. கீரை கூடாது, பழம் கூடாது, பருப்பு கூடாது, இளநீர் கூடாது, தக்காளி கூடாது. இரண்டாம் நிலைக்காரருக்கும் டயாலிசிஸ்காரருக்கும் ஒரே தாள். படித்துவிட்டு நோயாளி கஞ்சியும் ரஸ்க்குமாக இளைத்துப்போகிறார்.

பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவருக்கு. அளவு 4.2-ல் நிற்கிற ஒருவர் ஏன் முருங்கைக்கீரையைப் பார்த்து நடுங்க வேண்டும்? 5.5-ஐத் தாண்டியவருக்கு இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் விஷயமே வேறு. இதயத் துடிப்பையே தடுமாற வைத்துவிடும். அவர் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துச் சாப்பிடலாம். நட்சத்திரப் பழத்தை மட்டும் எந்த நிலைக்காரரும் தொடவேண்டாம். மூளையைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும்.

அந்தத் தாளில் எல்லாருக்கும் பொதுவாக எழுதவேண்டிய ஒன்று உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள். அதாவது ஒரு டீஸ்பூன், அதுவும் மொத்தச் சாப்பாட்டுக்கும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், சிப்ஸ் எல்லாம் சேர்த்து. "நாங்க இந்துப்புக்கு மாறிட்டோம்" என்பவர்களுக்கு: இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும்; சிறுநீரக நோயாளிக்கு அது இன்னும் ஆபத்து.

இதில் பேசப்படாத ஒரு விஷயம், சமைப்பது யார் என்பது. அப்பாவுக்குக் கிட்னி என்றால் வீடே உப்புக் குறைத்துச் சாப்பிடும். அம்மாவுக்குக் கிட்னி என்றால் அம்மா எல்லாருக்கும் வழக்கமாகச் சமைத்துவிட்டு, தனக்கு ஒரு கிண்ணத்தில் தனியாக ஏதோ கலந்து கடைசியாகச் சாப்பிடுவார். அலுப்பில் ஒரு நாள் அந்தக் கிண்ணமும் நின்றுபோகும். இந்தியாவில் உயிரோடு இருக்கும்போது சிறுநீரகம் தானம் தருபவர்களில் பெரும்பான்மை பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மை ஆண்கள். அடுப்படியில் தொடங்கும் கணக்கு ஆபரேஷன் தியேட்டர் வரை மாறுவதில்லை.

உப்பளத்தில் நிற்பவருக்கு

என் வாதத்துக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. "நீ படித்தவன். இன்டர்நெட் இருக்கிறது. எண்ணைப் படி, உப்பைக் குறை என்கிறாய். தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்ணிடம் போய் இதைச் சொல்வாயா?"

சரியான கேள்வி. ஒதுங்கக் கழிவறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்து நாள் முழுக்க வேலை செய்கிறார்கள் அவர்கள். ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி, இலங்கையின் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்கள், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் என்று, சர்க்கரையோ பிரஷரோ இல்லாமலே சிறுநீரகம் போகும் ஊர்கள் உலகில் இருக்கின்றன. போகிறவர்கள் பெரும்பாலும் விவசாயிகள், கூலிகள். வெப்பமா, தண்ணீரா, பூச்சிமருந்தா, எல்லாம் சேர்ந்தா என்று இன்னும் ஆய்வு நடக்கிறது. "உன் உடம்பை நீயே பார்த்துக்கொள்" என்று அவர்களிடம் சொல்வது அயோக்கியத்தனம். மருத்துவமனைச் சுவரில் 'உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்' என்று எழுதிவிட்டுப் பொறுப்பைக் கைகழுவும் வேலைக்கு நான் வரவில்லை.

ஆனால் அங்கேயும் பாருங்கள். நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் நிழல், கட்டாய ஓய்வு, குடிநீர் மூன்றையும் ஏற்பாடு செய்தபோது தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அந்த நிழலைக் கேட்க வேண்டுமானால், வெயில் சிறுநீரகத்தைத் தின்கிறது என்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரை அது "விதி", "வம்சம்", "குடிச்சிருப்பான்." நோயாளிக்கு விஷயம் தெரிவது அரசாங்கத்தின் வேலையைக் குறைக்காது, கூட்டும். ஏனென்றால் தெரிந்தவர் கேட்பார்.

கேட்கவேண்டியவை நிறைய இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் உண்டு. நல்லது, இவை இல்லாத மாநிலங்களைப் பார்த்தால் அருமை தெரியும். ஆனால் இவை பெரும்பாலும் கடைசிப் படியில் நிற்பவருக்கு. முதல் மூன்று படிகளில் நிற்பவருக்கு என்ன? எல்லா லேப் தாளிலும் கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் இ.ஜி.எஃப்.ஆரை அச்சடிக்க எத்தனை ரூபாய் செலவாகும்? வயதும் பாலும் ஏற்கெனவே அந்தத் தாளில் இருக்கின்றன; கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். ஒரு ரூபாய்கூட ஆகாது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறுநீர் ஆல்புமின் விகிதம் பார்க்க வேண்டும். வந்த முடிவைத் தமிழில் விளக்க ஒரு நர்ஸுக்கு நேரமும் அதற்கான சம்பளமும் வேண்டும்.

யார் படிப்பது

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வீட்டில் ரிப்போர்ட்டுகள் பி.டி.எஃப்-ஆக வந்து விழுவது உங்கள் போனில்தான். அப்பா அம்மாவிடமிருந்து மறைக்கும் அந்தச் சதியில் நீங்களும் ஒரு கூட்டாளி. மறைத்தது போதும். அந்த பி.டி.எஃப்பைத் திறந்து, எண்களை ஒரு நோட்டில் தேதிவாரியாகத் தமிழில் எழுதி, அவர்கள் கையில் கொடுங்கள். இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீர் ஆல்புமின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், வீட்டில் பார்த்த பிரஷர் என்று ஐந்து கட்டம் போதும். பிரஷர் 130/80-க்குக் கீழே இருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். ஐந்து தடவை எழுதினால் கோடு இறங்குகிறதா, நிற்கிறதா என்று எட்டாம் வகுப்பு படித்த அம்மாவுக்கும் தெரியும். சீட்டுக் கணக்கை வருடக்கணக்கில் மனத்தில் வைத்திருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமா என்ன?

பழைய ரிப்போர்ட் இல்லையென்றால் மருத்துவமனையில் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. "ஃபைல் எங்ககிட்டதான் இருக்கும்" என்று கவுண்டரில் சொன்னால், இருக்கட்டும், நகல் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது நோயாளியை முன்னால் உட்கார வையுங்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும். நான் எந்த நிலையில் இருக்கிறேன்? எனக்கு இது எதனால் வந்தது? போன வருடத்தைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது? இந்த மாத்திரை எதற்கு? வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்திவைக்க வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும்? வலிக்கு நான் எதைப் போடலாம்? எந்தக் கை நரம்பைப் பத்திரமாக வைக்க வேண்டும்?

டாக்டர் உங்களைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்குவார், பழக்கதோஷம். "அவங்ககிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லுங்கள்.